கோவக்காரி, பாறை: கிரவுண்டுல நாம பிள்ளைங்களுக்கு வைக்கிற பேரு

11.07.2025, கேள்வி (ஒரு வாசகர்)

எம்.பி.எட். (உடற்கல்வில மாஸ்டர் டிகிரி) ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். ஸ்கூல், காலேஜ் ப்ளேயர்ஸோட எமோஷனல் டெம்பரமென்ட், பர்சனாலிட்டி பத்தி டிசர்டேஷன். டீம் கேம் ஆடுறவங்க எக்ஸ்ட்ரோவர்ட், தனியா ஓடுறவங்க இன்ட்ரோவர்ட், கபடி ஆடுறவங்களுக்கு கோவம் ஜாஸ்தி, ஸ்டேட் லெவல் போனவங்களுக்கு பதட்டம் கம்மி, இதுதான் என் ஐடியா. 120 பேருக்கு ஒரே நாள்ல கொஸ்டினர் கொடுத்து முடிச்சிரலாம்னு இருக்கேன். ஃபீல்டுல இருக்கறவங்க இது சரியா வருமான்னு சொல்லுங்க.

12.07.2025, இரவு 9.40

தம்பி, நான் டெல்டா பக்கம் ஒரு கவர்மென்ட் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல பி.டி. டீச்சர், 19 வருஷம் ஆச்சு. பொண்ணுங்க கபடி, கூடவே அத்லெடிக்ஸ். நீங்க எழுதின நாலையும் ஒரு காலத்துல அப்படியே நம்பினவ நான். என் எம்.பி.எட். டிசர்டேஷனே கிட்டத்தட்ட இதுதான். ரெய்னர் மார்டென்ஸ் 1977ல போட்ட ஸ்கேட் கொஸ்டினர், போட்டிப் பதட்டத்தை அளக்கறதுக்கு. பத்து கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ‘அபூர்வமா, சில நேரம், அடிக்கடி’ன்னு மூணு பதில். கபடி 30 பேர், வாலிபால் 30 பேர். ரெண்டு குரூப்போட சராசரிய ஒப்பிடற டி-டெஸ்ட் போட்டா ரெண்டு கேமுக்கும் வித்தியாசம் இல்லன்னு வந்துச்சு. பைண்டிங் பண்ணி, வைவா முடிச்சு, டிகிரி வாங்கிட்டு வந்துட்டேன்.

ஆனா அந்த நம்பரைவிட, பேப்பரைக் கொடுத்துட்டு உக்காந்திருந்த அந்த ஒரு மணி நேரம்தான் இன்னிக்கும் மனசுல நிக்குது. அதுல ஒரு கேள்வி, போட்டிக்குக் கொஞ்சம் முன்னாடி இதயம் வழக்கத்தைவிட வேகமா அடிக்குதான்னு. ஒரு வாலிபால் பொண்ணு பேனாவைக் கீழ வெச்சுட்டு, “அக்கா, வார்ம்-அப் முடிச்சா அடிக்கத்தானே செய்யும்?”னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. நெஞ்சு அடிக்கறது பயத்துலயா, எப்படா விசில் ஊதுவாங்கங்கற ஆசையிலயா, உடம்பு சூடாகிட்டதாலயா? மூணுக்கும் ஒரே கட்டம். அவ ‘அடிக்கடி’ல டிக் பண்ணிட்டா, என் கணக்குல அவ பதட்டக்காரி ஆயிட்டா.

இன்னொண்ணு, பாதிப் பேருக்கு மேல எல்லாத்துக்கும் நடுவுல இருக்கற ‘சில நேரம்’தான் போட்டாங்க. நடுவுல போட்டா யாரும் எதுவும் கேக்கமாட்டாங்கல்ல. தெரியாத ஒரு அக்கா பேப்பர் கொடுத்து ‘உனக்கு பயமா இருக்கா’ன்னு கேட்டா எந்தப் பிள்ளை உண்மையச் சொல்லும்?

12.07.2025, இரவு 11.15

ஒண்ணு விட்டுப்போச்சு. கேள்வியை எல்லாம் வாயால தமிழ்ல சொல்லிக் கொடுத்துதான் எழுத வெச்சேன். அப்ப ஒரு கபடிப் பொண்ணு, “அக்கா, எனக்கு பயமும் இல்ல கோவமும் இல்ல, ரோஷம்தான் வரும், அதை எங்க போடறது?”ன்னு கேட்டா. யோசிச்சுப் பாருங்க, கிரவுண்டுல நாம தினம் பேசுற வார்த்தையே ரோஷம்தானே. போன வருஷம் தோத்த டீம்கூட திரும்ப மோதும்போது வருமே, எவனோ கேலரில இருந்து ‘பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கு கபடி’ன்னு கத்துனா வருமே, அது. அது கோவம் இல்ல, பதட்டம் இல்ல, வைராக்கியத்துக்குப் பக்கத்து வீடு. நல்லா ஆட வைக்கறதும் அதுதான், சமயத்துல கண்ணை மறைச்சு கவுக்கறதும் அதுதான். என் கொஸ்டினர்ல அதுக்கு எடமே இல்ல.

13.07.2025, காலை 6.50

திருத்தம். ஸ்கேட்ல பத்து கேள்வின்னு எழுதிட்டேன், தப்பு. பரண்ல இருந்த பழைய காப்பிய எடுத்துப் பாத்தேன். மொத்தம் 15 கேள்வி, மார்க் போடுறது பத்துக்குதான், மிச்சம் அஞ்சு, எதை அளக்கறோம்னு தெரியாம இருக்கறதுக்காக நடுவுல கலந்து வெச்சது. ஸ்கோர் 10லேர்ந்து 30 வரைக்கும் வரும். தம்பி நீங்க இதே கொஸ்டினர் எடுக்கறதா இருந்தா அந்த அஞ்சையும் சேத்துக் கூட்டிடாதீங்க, எங்க பேட்ச்ல ஒருத்தர் கூட்டிட்டு கடைசி வாரத்துல எல்லாத்தையும் திரும்பப் போட்டாரு.

19.07.2025, இரவு 10.05

மேல ஒருத்தர், கபடிப் பொண்ணுங்கன்னாலே சண்டைக்காரிங்கதான்னு எழுதியிருக்காரு. படிச்சதும் ஒரு பொண்ணு ஞாபகம் வந்துட்டா. அப்ப ஒன்பதாவது, எங்க மெயின் ரெய்டர். போனஸ் லைனைத் தொட்டுட்டு வந்து, அம்பயர் கை தூக்கலன்னா நின்ன இடத்துலயே கத்துவா. குறுவட்டப் போட்டி செமிஃபைனல்ல நேரா ரெஃப்ரி மூஞ்சிக்கு முன்னாடி போயி, “கண்ணு தெரியலையா உங்களுக்கு?”ன்னு கேட்டுட்டா. மஞ்சக் கார்டு, ரெண்டு நிமிஷம் வெளிய. அந்த ரெண்டு நிமிஷத்துல நாங்க ஆல்-அவுட், லோனா, அவங்களுக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு பாயிண்ட், மேட்ச் கையவிட்டுப் போயிடுச்சு. திரும்பி வர்ற வேன்ல ஒருத்தி அவகூடப் பேசல. ஸ்டாஃப் ரூம்ல “அது கோவக்காரி, பொறவிக் குணம், திருத்த முடியாது”ன்னு நானே என் வாயால சொன்னேன். அப்புறம் மத்த டீச்சருங்களும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சாங்க.

அடுத்த சீசன்லதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அவ கத்தினது எல்லாமே மேட்ச் அன்னிக்குக் காலைல. சாயங்கால பிராக்டிஸ்ல, எத்தனை தடவை கணுக்காலப் புடிச்சு இழுத்துக் கீழ போட்டாலும், மண்ணைத் தட்டிட்டு எந்திரிச்சு சிரிப்பா. ஒரு நாள் வேனுக்குக் காத்திருக்கும்போது சும்மா கேட்டேன், “என்ன சாப்பிட்ட?” “நேத்து ராத்திரி கஞ்சி மிஸ்.” “காலைல?” “காலைல நான் எப்பவும் சாப்பிடறதில்ல மிஸ், மத்தியானம் ஸ்கூல்லதான்.” அம்மா அஞ்சரை மணிக்கே நடவுக்குப் போயிடுறாங்க. சத்துணவு பத்தாவது வரைக்கும் உண்டு, ஆனா அது ஸ்கூல்ல. கிரவுண்டுல யாரு கொண்டுவந்து தருவா? 2022ல வந்த காலை உணவுத் திட்டமும் அஞ்சாவதோட நின்னுடுது. ஆக, மேட்ச் அன்னிக்கு அந்தப் பிள்ளை முந்தின நாள் ராத்திரிக் கஞ்சியோட பதினோரு மணி வெயில்ல ரெய்டு போயிருக்கு. பதினாலு மணி நேரம் வயித்துல ஒண்ணும் இல்லாம நின்னா யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அதுலேர்ந்து வேன் ஏறுறதுக்கு முன்னாடி ஆளுக்கு நாலு இட்லி, ஒரு அவிச்ச முட்டை. அவ ஒரேயடியா மாறிட்டான்னு சொல்லமாட்டேன், கோவம் இருந்துச்சு, இன்னிக்கும் இருக்கு. ஆனா அது எதிராளி பக்கம் போச்சு, அம்பயர் பக்கம் போகல.

20.07.2025

“அப்ப எல்லாமே சோறுதான், குணம்னு ஒண்ணு கிடையாதா?”ன்னு கேட்டிருக்கீங்க. அப்படிச் சொல்லல. ஏழாவதுல ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க எங்ககிட்ட. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே சைக்கிள்ல வருதுங்க. மூத்தவளுக்கு முட்டில லேசா தேஞ்சாலே அரை மணி நேரம் அழுகை, எளையவ ரத்தம் வழிஞ்சாலும் ‘மிஸ் இங்க பாருங்க’ன்னு காட்டிச் சிரிப்பா. மூணு வயசுலேர்ந்தே இப்படித்தான்னு அவங்க ஆத்தா சொல்றாங்க. பொறவில வர்றது நிச்சயமா இருக்கு.

எங்க அப்பாயி பித்த உடம்பு, வாத உடம்புன்னு பிரிச்சு, இது கோவப்படும் இது சோந்து படுத்துக்கும்னு சொல்லும். கிரேக்க மருத்துவத்துலயும் நாலு சுபாவம்னு ஒரு கணக்கு உண்டு. ஹான்ஸ் ஐசென்க்ங்கற உளவியலாளர் எக்ஸ்ட்ரோவர்ட்-இன்ட்ரோவர்ட் ஒரு கோடு, சட்டுனு கலங்குறவங்க-நிதானமானவங்க இன்னொரு கோடுன்னு குறுக்கும் நெடுக்குமாப் போட்டப்ப, அந்தப் பழைய நாலு சுபாவமும் நாலு மூலைல வந்து உக்காந்துச்சு. அவரோட 1964 கொஸ்டினர்ல 57 கேள்வி, அதுல ஒன்பது கேள்வி, பதில் சொல்றவங்க பொய் சொல்றாங்களான்னு பாக்கறதுக்கு மட்டும். ஒன்பது கேள்விய இதுக்குன்னே ஒதுக்கியிருக்காருன்னா, பேப்பர்ல மனுஷங்க தங்களை நல்லவங்களாக் காட்டிக்குவாங்கன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கு. பொய் ஸ்கோரை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துக்கற ஆய்வை நம்பாதீங்க.

02.08.2025, மாலை 7.30

இன்னிக்கு அத்லெடிக்ஸ். எங்க பையன் ஒருத்தன், பத்தாவது, 100 மீட்டர் ஃபைனல்ல ஃபால்ஸ் ஸ்டார்ட், துப்பாக்கி வெடிக்கறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டான். வெளிய அனுப்பிட்டாங்க. நாலு மாசம் காலைல அஞ்சு மணிக்கு வந்தவன். பக்கத்துல நின்ன இன்னொரு ஸ்கூல் கோச் உடனே சொன்னாரு, “பயந்த சுபாவம் டீச்சர், இவனையெல்லாம் ஸ்பிரிண்ட்ல விடக்கூடாது.” எனக்கு சுர்ருன்னு வந்துச்சு.

2011ல தென் கொரியா தேகுல நடந்த உலகச் சாம்பியன்ஷிப் 100 மீட்டர் ஃபைனல்ல உசைன் போல்ட் என்ன பண்ணாரு? ஃபால்ஸ் ஸ்டார்ட், சட்டையக் கழட்டிட்டு வெளிய. போட்டிக்கு முன்னாடி கேமராவப் பாத்து விளையாட்டுக் காட்டுற மனுஷன், உலகமே ஜாலிப் பேர்வழின்னு சொல்ற ஆளு. அவரை யாராவது பயந்த சுபாவம்னாங்களா? ரூல் மாறினதும் ஒரு காரணம், 2010லேர்ந்துதான் முதல் தப்புக்கே வெளியேத்துறது. அதுக்கு முன்னாடி ஒரு தடவை மன்னிப்பு இருந்துச்சு. ரூல் மாறினா அதே பையன் ‘பதட்டக்காரன்’ இல்லாமப் போயிடுறான்ல?

இன்னும் பின்னாடி போங்க, 1984 லாஸ் ஏஞ்சலீஸ், பி.டி. உஷா, 400 மீட்டர் தடை ஓட்டம். ஃபைனல்ல ஃபால்ஸ் ஸ்டார்ட் பண்ணினது வேற ஒரு வீராங்கனை, ரேஸை மறுபடி ஆரம்பிச்சாங்க, உஷாவுக்குத் தன்னோட ஸ்டார்ட் ரிதம் கெட்டுப்போச்சு, கடைசில நொடியில நூத்துல ஒரு பங்குல வெண்கலம் போச்சு. 55.41க்கும் 55.42க்கும் நடுவுல எங்க இருக்கு குணம்?

பையன் இன்னும் போன் எடுக்கல.

03.08.2025

எடுத்துட்டான். நாளைக்கு லாங் ஜம்ப் இருக்கு, வர்றேன்னான். அழுதியான்னு கேட்டேன், அழுதேன் மிஸ்னு சொன்னான். நல்லதுன்னு சொன்னேன்.

16.08.2025, இரவு 10.30

ஒருத்தர் ‘ஐஸ்பெர்க் ப்ரொஃபைல்’ பத்தி எழுதச் சொல்லியிருக்காரு. போம்ஸ்னு ஒரு கொஸ்டினர், 1971ல வந்தது. அப்ப இருக்கற மனநிலைய ஆறாப் பிரிக்கும்: டென்ஷன், மனச்சோர்வு, கோவம், உற்சாகம், அசதி, குழப்பம். வில்லியம் மார்கன்ங்கறவரு பெரிய ப்ளேயர்ஸ்கிட்ட இதைக் கொடுத்துப் பாத்தப்ப, உற்சாகம் மட்டும் சராசரிக்கு மேல தூக்கி நிக்குது, மத்த அஞ்சும் கீழ. கிராஃப் போட்டா தண்ணிக்கு மேல தல நீட்டுற பனிப்பாறை மாதிரி இருக்கும், அதான் பேரு. எங்க காலேஜ்ல ப்ரொஃபசர் போர்டுல இதை வரைஞ்சு காட்டினப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. இதுதான் சாம்பியன் மனசோட படம், இனிமே பாத்த உடனே கண்டுபுடிச்சிரலாம்னு நெனச்சேன்.

பின்னாடிதான் தெரிஞ்சுது, 1995ல இது சம்பந்தமா வந்த நிறைய ஆய்வுகளை ஒண்ணாச் சேத்து அலசினப்ப, ஜெயிக்கறவங்களுக்கும் அவ்வளவா ஜெயிக்காதவங்களுக்கும் இருக்கற வித்தியாசத்துல இந்தப் படத்தால விளக்க முடிஞ்சது ஒரு சதவீதத்துக்கும் கம்மி. இன்னிக்கும் டிசர்டேஷன்ல எல்லாம் பனிப்பாறைப் படம் மட்டும் போடுவாங்க, இந்த வரியப் போடமாட்டாங்க. ஒரே பொண்ணு இந்த வாரம் எப்படி இருக்கா, போன வாரம் எப்படி இருந்தான்னு பாக்கறதுக்கு போம்ஸ் நல்லாவே உதவும். செலக்‌ஷனுக்கு உதவாது.

பாறைன்னதும் எனக்கு வேற ஒரு ஞாபகம். நாளைக்கு எழுதறேன்.

17.08.2025, இரவு 11.50

இதை எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வருஷமா மனசுல ஓடிட்டு இருக்கு.

எங்க டீம்ல ஒரு லெஃப்ட் கார்னர் இருந்தா, இடது ஓரத்துல நின்னு ரெய்டரைப் புடிக்கறவ. பேசவே மாட்டா. ஜெயிச்சா ஒரு சின்னச் சிரிப்பு, தோத்தா அதுவும் இல்ல, கிட் பேகை எடுத்துத் தோள்ல மாட்டிட்டு முதல் ஆளா வேன்ல ஏறி உக்காந்துடுவா. அந்தக் கோவக்காரிப் பொண்ணு கத்திட்டு இருக்கும்போது இவ ஓரமா நின்னு ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிட்டு இருப்பா. கணுக்காலப் புடிச்சான்னா விடமாட்டா. நான் டீம் முன்னாடி வெச்சு சொல்வேன், “இவளப் பாருங்கடி, பாறை! எதுக்காச்சும் அசையுறாளா?” பெருமையாத்தான் சொன்னேன். டீமே அவளைப் பாறைன்னு கூப்பிட ஆரம்பிச்சுது.

கபடில மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நகம் பாப்பாங்க. நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், இல்லன்னா எதிராளிக்குக் கீறல் விழும். பொண்ணுங்க வரிசையா கைய நீட்டி நிப்பாங்க, அம்பயர் ஒவ்வொரு கையாப் பாத்துட்டே வருவாரு. அன்னிக்கு ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டாரு, நான் பேக்ல நெயில் கட்டரைத் தேடிட்டு இருக்கேன். அப்ப இவ கையைப் பாத்துட்டு, “இந்தப் பொண்ணு கையப் பாருங்கம்மா, இப்படில்ல இருக்கணும்”னாரு. நானும் எட்டிப் பாத்தேன். பத்து வெரல்லயும் நகமே இல்ல, சதை வரைக்கும் ஒட்ட இருந்துச்சு. கட்டைவெரல் ஓரத்துல தோலு உரிஞ்சு செவப்பா ஒரு கோடு, அவ அதை உள்ளங்கைக்குள்ள மடிச்சுக்கிட்டா. நான் அதையும் பாத்தேன். பாத்துட்டு, பொறுப்பான பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு, மத்தவளுங்களுக்கு நகம் வெட்டப் போயிட்டேன்.

அது வெட்டின நகம் இல்ல, கடிச்சது.

மாவட்ட டீம் செலக்‌ஷன்ல அவ பேரு வரல. “பரவால்ல மிஸ்”னு சொன்னா. அடுத்த திங்கக்கிழமை பிராக்டிஸுக்கு வரல, ட்யூஷன்னா. அப்புறம் வரவே இல்ல. நான் ஒரு தடவை கேட்டேன், ரெண்டு தடவை கேட்டேன், ப்ளஸ் டூ வேற, விட்டுட்டேன்.

ஒரு வருஷம் கழிச்சு ரேஷன் கடைல அவங்க அம்மா. மண்ணெண்ணெய் கேனை இடுப்புல வெச்சுக்கிட்டு, சாதாரணமா, குத்தம் சொல்ற மாதிரிகூட இல்லாம சொன்னாங்க: “மேட்ச்சுன்னா முந்தின ராத்திரியெல்லாம் தூங்காது மிஸ், ரெண்டு மூணு தடவை வாந்தி எடுக்கும். உங்ககிட்ட சொல்லட்டான்னா, சொல்லாதம்மா, மிஸ்ஸு என்னைப் பாறைன்னு சொல்லிருக்காங்கன்னுட்டு அழுவும்.”

அவ்ளோதான். அதுக்கு மேல என்னால ஒண்ணும் பேச முடியல, சக்கரையக்கூட வாங்காம வந்துட்டேன்.

18.08.2025

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ‘நகம் கடிக்கறது எல்லாப் பசங்களும் பண்றதுதானே, உங்க தப்பு இல்ல’ன்னு சொல்றீங்க. நகம் கடிக்கற பசங்க நிறைய பேர் உண்டு, சரி. நான் அவகிட்ட ஒரு தடவைகூட கேக்கலையே, அதுதான் எனக்கு.

31.08.2025, மதியம் 3.15

தம்பியோட முதல் கேள்விக்கு இப்பத்தான் எனக்கு சரியான பதில் தோணுது. ‘ஸ்டேட் லெவல் போனவங்களுக்கு பதட்டம் கம்மி.’ நீங்க 120 பேர்கிட்ட கேட்டா அப்படி வர வாய்ப்பு இருக்கு, வந்தாலும் ஆச்சரியப்படமாட்டேன். ஆனா அந்த 120 பேர் யாரு? இன்னும் ஆடிட்டு இருக்கறவங்க. எங்க லெஃப்ட் கார்னர் உங்க லிஸ்ட்ல வரமாட்டா, அவ கிரவுண்ட விட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரி வாந்தி எடுக்கறவங்க, அப்பா திட்டி நிறுத்தினவங்க, வயசுக்கு வந்ததும் ஷார்ட்ஸ் போடக்கூடாதுன்னு வீட்ல சொல்லி நின்னவங்க, எல்லாரையும் வடிகட்டிட்டு மிச்சம் இருக்கறவங்களைப் பாத்து ‘ஸ்போர்ட்ஸ் ஆடினா மனசு திடமாகும்’னு எழுதிடறோம். ப்ரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோன்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு 1971லயே இதைத்தான் எழுதினாங்க, விளையாட்டு குணத்தை உருவாக்குதுங்கறதுக்கு ஆதாரமே கிடைக்கல, ஏற்கெனவே தாங்கக்கூடியவங்கதான் மேல வர்றாங்கன்னு.

இதை முழுசா ஒத்துக்கவும் என்னால முடியல. மாறினவங்களை என் கண்ணால பாத்திருக்கேன். ஆறாவதுல பேரு கேட்டாலே தலையக் குனிஞ்ச பொண்ணு ப்ளஸ் ஒன்ல டாஸ் போடப் போயி எதிர் டீம் கேப்டன் கையக் குலுக்கிட்டு வர்றா. அது கபடியாலயா, வளந்ததாலயா, தெரியல, ஆனா அந்தப் பொண்ணைக் கேட்டா கபடின்னுதான் சொல்லுவா.

இன்னொரு விஷயமும் யோசிச்சேன். கோவக்காரிக்கு சோறு கிடைச்சுது, ஏன்? அவ கத்தினா, நாங்க திரும்பிப் பாத்தோம். இவ கத்தல.

14.09.2025, இரவு 9.20

யூரி ஹானின்னு ஒரு உளவியலாளர், சோவியத் யூனியன்ல ஆரம்பிச்சு பின்னாடி பின்லாந்துல வேலை பாத்தவரு. அவர் சொன்னது ஒண்ணுதான்: நல்லா ஆடுறதுக்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு பதட்ட அளவு கிடையாது, ஆளுக்கு ஒரு எடம் இருக்கு. ஒருத்திக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சாத்தான் கால் நகரும், இன்னொருத்திக்கு அதுல பாதி வந்தாலே கை நடுங்கும். அதனால ஒருத்திய இன்னொருத்தியோட ஒப்பிடாதே, அவளோட நல்ல நாளை அவளோட மோசமான நாளோட ஒப்பிடு.

இதைப் படிச்ச அன்னிக்கு ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். மேட்ச்சுக்கு முன்னாடி ஒவ்வொருத்தியும் காதுல வந்து ஒரு நம்பர் சொல்லணும், ஒண்ணுலேர்ந்து பத்து, இப்ப உள்ளுக்குள்ள எவ்ளோ அடிக்குது. கூட நாலு கேள்வி: தூங்கினியா, சாப்பிட்டியா, வயித்து வலி இருக்கா, வீட்ல ஏதாச்சுமா. மேட்ச் முடிஞ்சு எப்படி ஆடினான்னு நான் எழுதுவேன், அவளும் சொல்லுவா. மொதல்ல எல்லாம் அஞ்சுன்னே சொல்லுச்சுங்க, அந்த ‘சில நேரம்’ மாதிரி. மூணு மாசம் ஆச்சு உண்மை வர.

இப்ப அதைப் புரட்டிப் பாத்தா, எங்க இப்போதைய ரெய்டர் எட்டு, ஒன்பது சொன்ன நாள்லதான் பிரமாதமா ஆடியிருக்கா. நாலு சொன்ன அன்னிக்கெல்லாம் தூங்கி வழிஞ்சிருக்கா. ரைட் கவர் ஆடுற பொண்ணுக்கு மூணு தாண்டக்கூடாது, தாண்டினா அவசரப்பட்டு முந்திப் போயி புடிக்கப் பாத்து (அட்வான்ஸ் டேக்கிள்) பாயிண்ட விட்டுடுவா. முன்னாடியெல்லாம் ரெண்டு பேருக்கும் ஒரே லெக்சர்தான் கொடுப்பேன், “டென்ஷன் ஆகாதீங்கடி.” ரெய்டருக்கு அது தீயில தண்ணி ஊத்துற வேலைன்னு நோட்டு பாத்துதான் தெரிஞ்சுது. இப்ப அவளை மட்டும் தனியாக் கூட்டிட்டுப் போயி பழைய தோல்விய ஞாபகப்படுத்துவேன். ரோஷம் வரணும்ல!

15.09.2025

ஆம்பளை டீச்சர் ஒருத்தர் ‘வயித்து வலி’ன்னா எதுன்னு கேட்டிருக்காரு. பீரியட்ஸ்தான் சார். குறுவட்டப் போட்டித் தேதி யாரோட தேதியையும் பாத்துப் போடுறதில்ல. பாதி கிரவுண்டுல டாய்லெட்ல தண்ணி இருக்காது, பொண்ணுங்க காலைலேர்ந்து தண்ணி குடிக்காம அடக்கிட்டு இருக்குங்க. அன்னிக்கு அவ மூஞ்சி சிடுசிடுன்னு இருந்தா அதை பர்சனாலிட்டின்னு எழுதுறது அநியாயம். உங்க ஸ்கூல்ல பொண்ணுங்க டீம் இருந்தா ஒரு லேடி டீச்சரைக் கூட அனுப்புங்க, பேக்ல பேடும் வலி மாத்திரையும் இருக்கட்டும்.

28.09.2025, இரவு 8.45

பசங்க பத்தி எழுதலன்னு குறை. எனக்குப் பொண்ணுங்களோட பழக்கம் அதிகம், அதான். பசங்ககிட்ட நான் பாத்த வரைக்கும் பயம், வருத்தம், அவமானம், எல்லாமே வெளிய வரும்போது கோவமா வேஷம் போட்டுத்தான் வருது. ஏன்னா அது ஒண்ணுக்குத்தான் அவனுக்கு அனுமதி. தோத்துட்டு அழுதா ‘பொட்டப்புள்ள மாதிரி அழுவுறான்’, ஆனா போஸ்ட்டை எட்டி உதைச்சா ‘ரோஷக்காரன்’. அப்ப கொஸ்டினர்ல ‘கபடி பசங்களுக்கு கோவம் ஜாஸ்தி’ன்னு வராம என்ன வரும்?

போன டிசம்பர்ல குகேஷ் சிங்கப்பூர்ல டிங் லிரனை 14வது கேம்ல ஜெயிச்சு செஸ் உலகச் சாம்பியன் ஆனப்ப, போர்டு முன்னாடியே முகத்தை மூடிட்டு அழுதாருல்ல. 18 வயசு. ஊரே ‘சலனமில்லாத பையன்’னு சொல்லிட்டு இருந்த பிள்ளை. அவருக்கு மனசுக்குன்னே தனியா பேடி அப்டன்னு ஒரு பயிற்சியாளர் இருந்தாரு. அந்த வீடியோவ ஸ்கூல்ல ஸ்மார்ட் போர்டுல போட்டுக் காட்டினேன். ஒரு எட்டாவது பையன் பின்னாடி பெஞ்ச்லேர்ந்து, “ஜெயிச்சாலும் அழுவலாமா மிஸ்?”னான். அழுவலாம்டான்னேன். அந்த ஃபால்ஸ் ஸ்டார்ட் பையன் அவன் பக்கத்துலதான் உக்காந்திருந்தான், ஒண்ணும் பேசல, ஆனா வீடியோவ இன்னொரு தடவை போடச் சொன்னான்.

12.10.2025, காலை 7.10

தம்பி, தலைப்பை மாத்திட்டேன்னு எழுதியிருந்தீங்க, சந்தோஷம். 120 பேரை ஒரு நாள்ல பாக்கறதுக்குப் பதிலா 12 பேரை ஒரு சீசன் முழுக்கப் பாக்கறேங்கறீங்க. உங்க கைடு ‘சாம்பிள் பத்தாது’ன்னு சொல்லுவாரு, சொல்லட்டும், ஒவ்வொருத்தரையும் எத்தனை தடவை பாத்தீங்கன்னு டேபிள் போட்டுக் காட்டுங்க. ஆட்டத்தை விட்டுப் போனவங்க மூணு பேரையாவது தேடிப் பாருங்க. கேள்வியை இங்கிலீஷ்லேர்ந்து மாத்தி எழுதாம, பிள்ளைங்க என்ன வார்த்தை சொல்லுதுங்களோ அதை வெச்சே கேள்வி போடுங்க. ‘கிலி’ங்கும், ‘வயித்தக் கலக்குது’ங்கும், ‘வீம்பு’ங்கும். ஐசென்க் கொஸ்டினரைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்லல, அதையும் கொடுங்க, ஆனா சீசன் ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை.

லெஃப்ட் கார்னர் என்ன ஆனான்னு நாலு பேர் கேட்டிருந்தீங்க. நர்சிங் படிக்கிறா. ஆயுத பூஜை லீவுக்கு வந்தவ கிரவுண்டு ஓரமா சைக்கிள நிறுத்திட்டு நின்னா. நான் போயி, பாறைன்னு கூப்பிட்டதுக்கு மன்னிப்புக் கேட்டேன். “ஐயோ விடுங்க மிஸ்”னுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு, “அந்த நம்பர் சொல்றது நல்லா இருக்கு மிஸ், நான் இருந்திருந்தா பத்து சொல்லிருப்பேன்”னா. சின்னப் பொண்ணுங்களுக்குக் கணுக்கால் புடி எப்படிப் போடறதுன்னு காட்டிக் கொடுத்துட்டுத்தான் போனா. கையப் பாத்தேன். நகம் வளந்திருந்துச்சு.

கடைசியா, என் நோட்டோட போட்டோ காப்பி கேட்டிருக்கீங்க, பேரை மறைச்சுத் தந்தாப் போதும்னு. தரமாட்டேன் தம்பி, கோச்சுக்காதீங்க. அது என் காதுல சொன்னது. நான் எப்படிக் கேக்கறேன், எந்தக் கேள்விக்கு பிள்ளைங்க வாயத் தொறக்குது, எதுக்கு மூடிக்குது, அதை வேணா தனியா எழுதி அனுப்பறேன். ரெண்டு நாள் டைம் கொடுங்க, நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு வேன், இட்லிக்கு இன்னும் சொல்லல.